ஜட்ஜம்மாவும் ஆடுகிற சோபாக்களும்

சோபா செய்கிற அந்தப் பட்டறையில் ஜட்ஜம்மாவுக்குச் சம்பளம் உறை தைப்பதற்காக, மரியாதை உட்காருவதற்காக.

ஒரு சோபா முடிந்ததும் அதைக் கூடத்தின் நடுவே, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் கொண்டுவந்து போடுவார்கள். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். உள்ளங்கால் இரண்டும் தரையில் அழுந்த, கைகள் முழங்காலில் இருக்க, உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் சுத்தியல் சத்தம் நின்றுவிடும். பசை கலக்குகிறவர்கூடக் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு தீர்ப்பு வரும். "சரி" என்றால் சோபா வண்டி ஏறும். "பிரிங்க" என்றால் உள்ளே ஏதோ ஒரு ஸ்பிரிங் சோம்பேறியாகக் கிடக்கிறது; தைத்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "ஆடுது" என்றால் நாலு காலில் ஒன்று மற்ற மூன்றோடு பேச்சுவார்த்தையில் இல்லை. அது தச்சர் பாடு.

மேல்முறையீடு கிடையாது. பெயர் வந்தது அப்படித்தான்.

பதவி தன் எடையால் வந்தது என்பதை அவர் மறைத்ததில்லை. நூற்றுப் பதினைந்து கிலோ. பேருந்தில் அவர் உட்கார வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொள்வார். துணிக்கடையில் வாயைத் திறப்பதற்கு முன்பே "உங்களுக்கு வராதும்மா" என்று பதில் வந்துவிடும். யார் வீட்டுக்குப் போனாலும் பிளாஸ்டிக் நாற்காலியின் காலை முதலில் நோட்டம் விடுவது அவருக்கு அனிச்சையாகிவிட்டது. எல்லா இடத்திலும் உட்காருவதற்கு அனுமதி கேட்பதுபோல நடமாடிய மனுஷியை, "வாங்க, வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்த இடம் அந்தப் பட்டறை ஒன்றுதான். முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்வார்: "எங்க ஜட்ஜம்மா உட்கார்ந்து தாங்கிடுச்சுன்னா, உங்க வீட்டுல எத்தனை பேரு வேணா குதிக்கலாம்." அதை ஜட்ஜம்மா காதில் வாங்கிக்கொண்டே தைப்பார். வேறு யாராவது வேறு எங்காவது சொல்லியிருந்தால் அது கேலி. இங்கே அது சான்றிதழ்.

ஆனால் முழங்கால்கள் அந்தச் சான்றிதழை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டுக்காரர் புகார் சொன்னார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இவருடைய மூச்சுக்குக் காது கொடுத்துத் தூக்கம் கெட்டு, காலையில் ஸ்டியரிங்கில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரைப்பையைச் சின்னதாக்கி, குடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைக்கிற அறுவை சிகிச்சையைப் பற்றி எடுத்துச் சொன்னார்.

வீட்டில் ஆளுக்கொரு பயம். வேன்காரருக்கு, மேஜையில் படுத்தவள் எழுந்து வருவாளா என்ற பயம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை; வேனை மூன்று முறை கழுவினார். அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், தெருமுனையிலேயே இருப்பவர், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதலில் வந்து கடைசியில் போகிறவர், தத்துவார்த்தமாகப் பயந்தார். "வயித்தையே குறைச்சுட்டா அப்புறம் மனுஷங்க எதுக்கு அண்ணி சம்பாதிக்கணும்?"

ஜட்ஜம்மாவின் பயம் வேறு. டாக்டரம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி "பிழைப்பேனா?" அல்ல, "எவ்வளவு குறையும்?" மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றதும் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனதாக டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். வேனில் திரும்பி வரும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"மெலிஞ்சு போன ஜட்ஜை யாருங்க மதிப்பாங்க?"

வேன்காரர் ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார். "மூச்சு நின்னு போன ஜட்ஜை?" என்றார்.

அதோடு விவாதம் முடிந்தது.

சிகிச்சை நல்லபடியாக நடந்தது. முதல் வாரங்களில் அவர் சாப்பாடு என்பது மருந்து அளவுக் குவளையில் கஞ்சித் தண்ணீரும், அதைக் குடித்து முடிக்கத் தேவைப்பட்ட பொறுமையும்தான். அப்புறம் எடை இறங்க ஆரம்பித்தது. பனிக்கட்டியை வெயிலில் வைத்ததுபோல. பட்டறையில் சங்கடம் ஆரம்பித்ததும் அப்போதுதான். ஒரு நாள் அவர் உட்கார்ந்து "சரி" என்று சொல்லி அனுப்பிய சோபா, வாங்கியவர் வீட்டில் ஒரு தடித்த மாமனார் உட்கார்ந்ததும் முனகியது. முதலாளி தலையைச் சொறிந்தார். ஜட்ஜம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

வழி கண்டுபிடித்தது தச்சர். அவர் ஜட்ஜம்மாவோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டுப் பழகியவர். எதிராளி பலவீனமாவதை அவரால் சகிக்க முடியவில்லை. "போன எடையை மடியில வெச்சுக்கோங்க" என்றார். மிஞ்சின கெட்டித் துணியில் ஜட்ஜம்மாவே ஒரு பை தைத்தார். அதில் மணல் நிரப்பினார்கள். உடம்பில் குறையக் குறைய, ஒவ்வொரு குவளையாகப் பையில் மணல் ஏறியது. சோபா வந்ததும் அவர் போய் உட்காருவார். இரண்டு பேர் பையைத் தூக்கி வந்து மடியில் வைப்பார்கள். அவர் கண்ணை மூடுவார். தான் இழந்ததைத் தன் மடியிலேயே வைத்துத் தூக்கிப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. "இதை வெச்சுக்கிட்டா நான் மாடி ஏறினேன்?" என்று அவர் ஒருமுறை கேட்டார். பையைத் தூக்கி வந்த இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, பயந்தது நடக்கவில்லை. பயப்படாததெல்லாம் நடந்தது. அள்ளி அள்ளி முடி கொட்டியது; பிறகு ஒரு வழியாக நின்று, திரும்ப முளைத்தது. கையின் மேல்பக்கத் தோல், காலியான பை மாதிரி தொங்கியது. உறை பெரிதாகவும் உள்ளே பஞ்சு குறைவாகவும் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தொழில்முறையில் அவருக்குத் தெரியும், ஆனால் இது பிரித்துத் தைக்க முடியாத உறை. ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி உள்ளே போனால் நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டி, படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, குடிக்கும்போது சாப்பிடக் கூடாது. இதற்கெல்லாம் நடுவில் சர்க்கரை மாத்திரை நின்றது. முழங்கால் வாயை மூடியது. மூச்சு ஒழுங்காக வந்தது. வேன்காரர் நன்றாகத் தூங்கினார். மனைவியின் தட்டில் மிஞ்சியதையெல்லாம் வீணாக்க மனசில்லாமல் சாப்பிட்டு, மனைவி இழந்ததில் ஒரு நல்ல பங்கைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டதும் அவர்தான்.

துணிக்கடையில் "உங்களுக்கு வராதும்மா" நின்றுபோனது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் நகரவில்லை. சிலர் பேச்சுக்கூடக் கொடுத்தார்கள். இத்தனை காலமும் இந்த மரியாதையை எங்கே வைத்திருந்தார்கள் என்று ஜட்ஜம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. அவர் மாறவில்லை, அவரைச் சுற்றியிருந்தவர்களின் கண்தான் இளைத்திருந்தது.

இப்படியே சில வருஷங்கள் போயின. பிறகு, ஒருவரும் கவனிக்காத விதத்தில், எடை திரும்பி வர ஆரம்பித்தது.

கொஞ்சம்தான். இறங்கினதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. காரணம் பிஸ்கட். கெட்டியாகக் கடித்துச் சாப்பிடுகிற எதுவும் சின்ன வயிற்றில் சண்டை போட்டு நிற்கும். பிஸ்கட் மட்டும் வாயிலேயே கரைந்து, கேட்காமல் கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருக்கும். மாலைக்குள் காலியாகியிருக்கும். நியாயப்படி மடியில் வைக்கும் பையிலிருந்து இப்போது மணலை எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. எடுத்தால் பட்டறைக்கே தெரிந்துவிடும். கூடுதல் பாரத்தைத் தாங்கிய சோபாக்கள் அந்த வருஷம் கொஞ்சம் அதிக உறுதியாகவே வெளியே போயின.

எடை திரும்பி வருவதைப் போன்ற பயம் இன்னொன்று இல்லை. பழைய எடை வெறும் எடைதான். திரும்பி வருகிற எடை ஒரு தீர்ப்பு. இவ்வளவு செய்தும் நீ இவ்வளவுதான் என்று அது சொல்கிறது. அல்லது அப்படிச் சொல்வதாகக் காதில் விழுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே நுழைந்ததும் முதல் வேலை எடை மெஷினில் ஏறுவது. அந்த வருஷம் வேன் பழுது என்று சொல்லி அவர் போகவில்லை. அடுத்த வருஷம் மழை. அதற்கடுத்த வருஷம் காரணமே சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார், அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாக்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் என்ன அண்ணி?"

சத்து மாத்திரை, வாழ்நாள் பூராவும் போடணும்னு சொல்லியிருக்காங்க என்றார் ஜட்ஜம்மா.

நாத்தனார் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "அண்ணி, எங்க வீட்டுச் சின்னது நோஞ்சானா இருந்தப்ப டாக்டர் சத்து டானிக்தான் எழுதிக் குடுத்தாரு. ரெண்டே மாசத்துல கன்னம் உப்பிடுச்சு. சத்தைத் தின்னா சதை போடாம வேற என்னத்தைப் போடும்? நீங்க பாவம் அந்த பிஸ்கட்டைப் போய் சந்தேகப்படறீங்க."

இதைவிட இனிப்பான தர்க்கம் உலகத்தில் கிடையாது. பிஸ்கட் நிரபராதி, மாத்திரை குற்றவாளி. இருபது வருஷமாகத் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர் சாட்சியத்தைச் சரியாக விசாரிக்காமல் தீர்ப்பு எழுதிய ஒரே வழக்கு அது. அன்றிலிருந்து மாத்திரைகளை நிறுத்தினார். எடை குறையவில்லை. ஆனால் ஏறுவதும் நின்றதுபோலத் தெரிந்தது. நாத்தனார் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

உடம்பு உடனே ஒன்றும் சொல்லாது. சேமிப்பில் இருப்பதை எடுத்துச் செலவழித்துக்கொண்டிருக்கும். மாதங்கள் கழித்து ஜட்ஜம்மாவின் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. உதறினார், எறும்பு இல்லை. ஒரு நாள் பட்டறையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. செருப்புக் கடைக்காரனைத் திட்டிவிட்டு வார் வைத்த செருப்பு வாங்கினார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் குளியலறைச் சுவர் வந்து தோளில் இடித்தது. தைக்கும்போது ஊசி குத்தி, துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் குத்தியது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் வயசு என்று பெயர் வைத்தார். வயசு மறுத்துப் பேசாது.

பிறகு சோபாக்கள் ஆட ஆரம்பித்தன.

முதலில் ஒன்று. ஜட்ஜம்மா உட்கார்ந்து கண்ணை மூடி, "ஆடுது" என்றார். தச்சர் காலை இழைத்துச் சரி செய்தார். மறுபடி உட்கார்ந்தார். "ஆடுது." இன்னொரு காலை இழைத்தார். "இப்பவும்தான்." இழைத்து இழைத்து, சோபா தரையோடு படுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தபோது அதைக் குழந்தைகள் சோபா என்று விற்றார்கள். அடுத்த சோபாவும் ஆடியது. அதற்கடுத்ததும். தச்சர் ரசமட்டத்தைக் கொண்டுவந்து சோபாவின் சட்டத்தில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது.

"குமிழி என்ன சொல்லுது பாருங்க" என்றார்.

"குமிழி உட்கார்ந்தா பாத்துச்சு?" என்றார் ஜட்ஜம்மா.

இந்த இடத்தில் வேறு எந்தப் பட்டறையாக இருந்தாலும் குமிழியை நம்பியிருப்பார்கள். இவர்கள் நம்பவில்லை. எடை இறங்கினபோது நடந்த அந்த ஒரு தடவையைத் தவிர, ஜட்ஜம்மா தப்பாகச் சொன்னதை அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. தச்சரும் தப்பாக இழைத்ததில்லை. இரண்டு பேரும் சரி என்றால் தப்பு எங்கே இருக்க முடியும்? முதலாளி நீண்ட நேரம் யோசித்து, மூன்றாவதாக மிஞ்சியிருந்ததைக் கண்டுபிடித்தார்: தரை. பழைய தரை. எங்கேயோ அடியில் பொள்ளல் விழுந்திருக்கிறது. மறுநாள் ஆள் வைத்துத் தரையைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

பட்டறை வராந்தாவுக்கு வந்தது. மழைத்தூறலில் மெஷினுக்குக் குடை பிடித்துத் தைத்தார்கள். பஞ்சு பறந்து எதிர்க்கடைக்காரர் தலையில் உட்கார்ந்தது. அவருக்கு ஒரே வாரத்தில் வயதாகிவிட்டதாக மனைவி வருத்தப்பட்டாராம். புதுத் தரை இறுகிக் காய்ந்ததும் ஒரு சோபாவை நடுவில் கொண்டுவந்து போட்டார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஜட்ஜம்மா செருப்பின் வாரை அவிழ்த்தார், உட்கார்ந்தார், மடியில் பை வந்தது, கண்ணை மூடினார்.

சொல்லவேண்டாம் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் அவர் பொய் சொல்லிப் பழகாத இடம் அது ஒன்றுதான்.

"ஆடுது."

தச்சர் உளியைக் கீழே வைத்தார். "முதலாளி, காலை மாத்தியாச்சு, தரையை மாத்தியாச்சு. இனிமே பூமியைத்தான் மாத்தணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த அம்மாள் உட்காருவதாக இருந்தால் தான் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். முதலாளி யாரையும் பார்க்காமல், கொஞ்ச நாளைக்கு ஜட்ஜம்மா தையலை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், உட்காருவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மிகவும் மென்மையாகத்தான் சொன்னார். மென்மையாகச் சொல்வதால் அர்த்தம் மாறிவிடுவதில்லை.

அன்று மத்தியானமே முதலாளி ஒரு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். அப்படியே தூங்கிவிட்டார். அதை "சரி" என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார்கள்.

ஜட்ஜம்மா பின்பக்கம் குழாயடிக்குப் போனார். கை கழுவுகிறவர்கள் உட்கார அங்கே ஒரு கருங்கல் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அதில் உட்கார்ந்தார். அழுகை வரும்போல இருந்தது. வந்தால் மறைக்க வசதியாக முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கண்ணை மூடினார்.

கல் ஆடியது.

கண்ணைத் திறந்தார். கல் நின்றது. மூடினார். லேசாக, படகு மாதிரி, மறுபடியும். காலடியில் ஈர மண். அது ஈரமா காய்ந்ததா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. உள்ளங்காலைத் தேய்த்துப் பார்த்தார். கெட்டியான உறைக்குள் பாதத்தைப் போட்டுத் தைத்ததுபோல, எல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது. எதைக்கொண்டு உலகத்தை அளந்தாரோ அதை அளந்து பார்க்க அவருக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை. யாருக்குமே எளிதில் வருவதில்லை.

தச்சர் கை கழுவ வந்தார். இவரைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார்.

"தச்சரே, இந்தக் கல்லும் ஆடுது."

அவர் நின்றார். கல்லைப் பார்த்தார். காலால் ஒரு முறை எத்திப் பார்த்தார், தொழில் புத்தி. பிறகு அவர் முகத்திலிருந்து சண்டை இறங்கிப் போயிற்று.

"ஜட்ஜம்மா," என்றார் மெதுவாக, "ஆடறது கல்லு இல்ல."

"தெரியுது" என்றார் அவர். "இப்பதான் தெரியுது."

எழுந்தபோது தடுமாறினார். தச்சர் கையை நீட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வேன்காரருக்குப் போன் செய்தது தச்சர்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் நேராக வந்து சேர்ந்தார். வேன் முழுக்கக் குட்டி இருக்கைகள், நடுவில் ஜட்ஜம்மா.

ஆஸ்பத்திரி வாசலில்தான் பழைய பயம் வந்து காலைக் கட்டியது. நடக்க முடியாமல் போகும் என்ற பயத்தைவிட எடை மெஷின் பயம் அங்கே பெரிதாக இருந்தது என்பது நம்புவதற்குக் கஷ்டம். ஆனால் பயங்கள் தங்களுக்குள் நியாயமான வரிசையில் நிற்பதில்லை. வேண்டாம், போயிடலாம் என்றார். திட்டுவாங்க, இவ்வளவு செலவழிச்சு வெட்டினதைத் தின்னே கெடுத்தியேன்னு கேப்பாங்க என்றார். வேன்காரர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டி, வேணும்னா நான் முதல்ல ஏறறேன், மெஷினுக்கே பயம் தெளிஞ்சிடும் என்றார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

நர்ஸ் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, அடுத்தது ரத்த அழுத்தம் என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒளிந்து திரிந்தது இந்த ஒரு நொடிக்காக.

டாக்டரம்மா ஊசிமுனையால் பாதத்தில் இங்கே குத்துகிறதா, அங்கே குத்துகிறதா என்று கேட்டார். நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். விழப்போனவரைப் பிடித்துக்கொண்டு, மாத்திரை போடறீங்களா என்று கேட்டார். ஜட்ஜம்மா தரையைப் பார்த்துச் சொன்னார்: சதை போட்டுடும்னு நிறுத்திட்டேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை, இதைக் கேட்பது முதல் முறை இல்லை போலிருந்தது. ரத்தப் பரிசோதனை வந்ததும் நிதானமாக விளக்கினார். நரம்புக்கு வேண்டிய பி-பன்னிரண்டு என்ற வைட்டமின், சாப்பாட்டில் எவ்வளவு இருந்தாலும் இந்த வயிற்றால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் அளவு கூட்டிய மாத்திரை அல்லது ஊசி, கடைசி வரைக்கும். அதில் கொழுப்பும் இல்லை, சதை போட ஒன்றுமில்லை. கொஞ்சம் எடை திரும்ப ஏறுவது நிறையப் பேருக்கு நடப்பது. அதற்காக யாரும் ஆளைத் தூக்கிலிடுவதில்லை. பிஸ்கட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஜட்ஜம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி. "என் கால் மறுபடி சொல்லுமா டாக்டர்?"

"நிறைய சொல்லும்" என்றார் அவர். பிறகு, நேர்மையாக, "எல்லாத்தையும் சொல்லும்னு என்னால சொல்ல முடியாது. லேட்டா வந்திருக்கீங்க" என்றார்.

செய்தி கேட்டு நாத்தனார் இரண்டு நாள் வீட்டுப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் போன் வரும். நலம் விசாரிப்பு கிடையாது. "போட்டாச்சா அண்ணி?" என்று மட்டும் கேட்பார். போட்டாச்சு என்றால், மென்னு முழுங்கற சத்தம் கேக்கலையே என்பார்.

முதலில் ஊசிகள், பிறகு மாத்திரை. எறும்புகள் மெல்ல இடம் காலி செய்தன. குளியலறைச் சுவர் தன் இடத்தில் நின்றது. வெயில் காலம் போய், மழை வந்து, அதுவும் முடிகிற சமயத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது தரை சில்லென்றிருப்பது தெரிந்தது. கால்விரல் நுனிகளில் மட்டும் உணர்வு திரும்பவில்லை. அது திரும்பாது என்று டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் முதலாளியின் தீர்ப்பில் போன சோபாக்களில் சில திரும்பி வந்துகொண்டிருந்தன. எனவே ஒரு நாள் அவரே ஜட்ஜம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நூல் நன்றாக இருக்கிறதா என்பதுபோல எதையோ கேட்டுவிட்டு, ஒரு சோபா முடிஞ்சிருக்கு, வந்து உட்காருங்களேன் என்றார்.

கூடத்தில் சுத்தியல் நின்றது. ஜட்ஜம்மா உட்கார்ந்தார். மடியில் பை. இந்த முறை சில குவளை மணலை அவரே எல்லோர் முன்னாலும் வெளியே எடுத்திருந்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் மூடியே இருந்தார். தச்சர் ரசமட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது அவருக்குத் தெரியும்.

கண்ணைத் திறந்து, "கால் ஆடுதான்னு எனக்குத் தெரியல" என்றார்.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. முதலாளி தச்சரைப் பார்த்தார்; தச்சர் மேலே எதையோ பார்த்தார்.

"விரல் சொன்னாத்தான் அது தெரியும், விரல் இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. நீங்க அந்தக் குமிழியை வெச்சுப் பாத்துக்கோங்க தச்சரே. இனிமே கால் உங்களுது."

தச்சருக்குச் சந்தோஷப்பட எல்லா உரிமையும் இருந்தது. ஏனோ வரவில்லை. ரசமட்டத்தை முன்னால் எடுத்து வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "கால் சரி" என்றார் சத்தமில்லாமல், ஜெயித்த மாதிரி இல்லாமல்.

"மேல?" என்று கேட்டார் முதலாளி.

ஜட்ஜம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தார். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. திரும்ப இடப்பக்கம். முகத்தில் பழைய கண்டிப்பு வந்து உட்கார்ந்தது.

"பிரிங்க" என்றார்.

தச்சர் முணுமுணுத்துக்கொண்டே கத்தரிக்கோலைத் தேடினார். மத்தியானம் பூராவும் பார்த்துப் பார்த்து அடித்த உறை அது. பிரித்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லையென்றால் என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

"அப்ப திரும்பத் தைச்சுத் தரேன்" என்றார் ஜட்ஜம்மா. "முதல்ல பிரிங்க."